தொலைவெப்ப அளவீட்டில் கம்பியின் இடர்: மின்தடையிலிருந்து காலத்தாமதம் வரை

எட்டாத இடத்தின் வெப்பநிலையைக் கம்பியின் மின்தடையால் அறியும் முறை, நீண்ட வடம் ஒன்று கொடுத்த தொல்லையிலிருந்தே பிறந்தது. 1860-இல் ரங்கூன்–சிங்கப்பூர் தந்தித் தடத்துக்கென்று செய்த கடலடி வடம், கப்பலில் சுருட்டி அடுக்கியிருந்த நிலையில் தானாகவே சூடேறத் தொடங்கியது. காப்புப் பூச்சாக இருந்த கட்டாபெர்ச்சா இளகிவிட்டால் வடம் பாழ். அடுக்குகளின் நடுவே பாதரச வெப்பமானியை வைத்துப் படிக்க வழியில்லை. பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் செம்புக் கம்பிச் சுருள்களை உள்ளே செருகினார். சூடு ஏற ஏறச் செம்பின் மின்தடை கூடுவதை வெளியிலிருந்து அளந்தார்.

சுருளை அளவியோடு இணைக்கும் கம்பிக்கும் மின்தடை உண்டு என்பது உடனே எழுந்த சிக்கல். இன்றைய 100 ஓம் பிளாட்டின உணரியை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் மாறும். இணைப்பில் ஒரு ஓம் கூடினாலே இரண்டரை டிகிரிக்கு மேல் பிழை வந்துவிடும். சீமென்ஸின் மூன்று கம்பி இணைப்பும், பின்னர் இயற்பியலாளர் காலண்டர் கொண்டுவந்த ஈடுசெய் கம்பிகளும் இதற்கான மருந்துகள்.

1990-களில் டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனத்தின் டிஎஸ்1820 என்ற எண்முறை வெப்ப உணரியும் அதன் வழிவந்த டிஎஸ்18பி20-உம் இந்த மின்தடைக் கணக்கையே தேவையற்றதாக்கின. வெப்பநிலை சில்லுக்குள்ளேயே எண்ணாக மாறிவிடுகிறது; கம்பியில் போவது பிட்டுகள் மட்டும். ஒவ்வொரு சில்லுக்கும் தனக்கே உரிய 64 பிட் அடையாள எண் இருப்பதால், ஒரே தரவுக் கம்பியில் பல உணரிகளைத் தொடுக்கலாம். கம்பியின் தொல்லை இத்தோடு ஒழிந்தது என்ற எண்ணம் பரவியதில் வியப்பில்லை. உண்மையில் தொல்லை மின்தடையிலிருந்து காலத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே.

இதன் வேர் தந்தி வரலாற்றில் இருக்கிறது. கடலடி வடம் நீண்ட மின்தேக்கிபோல் நடப்பதால் குறிகள் மழுங்கும், தாமதம் நீளத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1850-களின் நடுவிலேயே கணித்திருந்தார். 1858-இன் அட்லாண்டிக் வடத்தில் அதன் மின்பணிப் பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் மின்னழுத்தத்தை ஏற்றி வேகம் பெற முயன்றார். சில வாரங்களில் வடம் செத்தது. டிஎஸ்18பி20 கம்பியில் தாம்சனின் வர்க்க விதி அப்படியே பொருந்தாது. கம்பியின் மின்தடையைவிட, தரவுக் கம்பியை மேலே இழுக்கும் புல்-அப் மின்தடையம் பல மடங்கு பெரிது. ஆகவே தாமதம் நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். ஆனாலும் ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேட்-5 கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட் என்றால், 100 மீட்டருக்கு 5 நானோஃபாரட். வழக்கமான 4.7 கிலோ ஓமோடு பெருக்கினால் 23.5 மைக்ரோநொடி. 5 வோல்ட் இணைப்பில், ‘ஒன்று’ என்று கொள்ளும் 2.2 வோல்ட்டை எட்டவே 13 மைக்ரோநொடிக்கு மேலாகும். படிக்கும் பிட்டின் தொடக்கத்திலிருந்து 15 மைக்ரோநொடிக்குள், உணரிகளைக் கேட்டறியும் கட்டுப்படுத்தியான ‘மாஸ்டர்’ பார்த்துவிட வேண்டும் என்பது விதி. 200 மீட்டரில் ‘ஒன்று’ வந்து சேருமுன்பே ‘பூச்சியம்’ என்று மாஸ்டர் எழுதிவிடும். மின்தடையத்தை 2.2 கிலோ ஓமாகக் குறைத்தால் நேரம் பாதிக்கும் கீழே வரும். 1 கிலோ ஓம் வரை போனால், உணரி தாழ்நிலைக்கு இழுக்க வேண்டிய மின்னோட்டம் 5 மில்லியாம்பியரை நெருங்கும். அதற்கு உறுதி தரப்பட்டதோ 4 மட்டுமே.

தரவுக் கம்பியிலிருந்தே மின்சாரம் உறிஞ்சும் ஒட்டுண்ணி முறை இன்னும் மோசம். வெப்பநிலையை எண்ணாக்கும் 750 மில்லிநொடியில் உணரி 1.5 மில்லியாம்பியர் வரை கேட்கும். 4.7 கிலோ ஓம் வழியே அது பாய வேண்டுமானால் 7 வோல்ட் இழப்பு நேர வேண்டும், இருப்பதோ 5. மின்சாரம் போதாத சில்லு மறுதொடக்கம் ஆகி, பதிவேட்டின் தொடக்க மதிப்பான 85 டிகிரியைச் சாதுவாக அனுப்பும். பிழைசோதனை எண்ணும் சரியாகவே இருக்கும்! அதனால் நீண்ட கம்பிக்கு மூன்றாவது கம்பியாகத் தனி மின்வழி கொடுப்பதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடக் கூடாது.

இன்னொரு நோய் எதிரொலிப்பு. குறி ஏறி இறங்கும் கூர்மையான விளிம்பு கம்பியின் முனையிலும் கிளைகளிலும் பட்டுத் திரும்புகிறது. உணரி அதைப் புதிய விளிம்பென்று எண்ணிக் கணக்குத் தவறுகிறது. இதற்கான வைத்தியம் முன்னதற்கு நேர்முரண்: அங்கே ஏற்றம் விரைய வேண்டும், இங்கே இறக்கம் மெதுவாக வேண்டும். டிஎஸ்2480பி என்ற இயக்கிச் சில்லு இரண்டையும் பிரித்துக் கையாண்டது. இறங்கும் விளிம்பின் சரிவைக் கட்டுப்படுத்தி, ஏறும் விளிம்புக்கு மட்டும் கூடுதல் மின்னோட்டம் தந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் இதுதான். அதுவரை ஒரே மின்தடையத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உற்பத்தியாளரின் வழிகாட்டுக் குறிப்பும் இதே பிரிவினையைப் பின்பற்றுகிறது. கடைக்கோடி உணரி வரையிலான தொலைவை ‘ஆரம்’ என்றும், கிளைகள் உட்பட மொத்தக் கம்பி நீளம், உணரிகளின் சுமை எல்லாம் சேர்ந்ததை ‘எடை’ என்றும் அது தனித்தனியே எண்ணுகிறது. வெறும் மின்தடையத்தில் எடை 200 மீட்டர் வரை. மேம்பட்ட இயக்கியில் 500 வரை. ஆரத்துக்கு 750 மீட்டர் உச்சவரம்பு. அதற்கப்பால் குறி போய்த் திரும்பும் நேரமே நெறிமுறையை முறித்துவிடும். நட்சத்திர வடிவில் கம்பிகளைப் பிரிப்பதை அது ஊக்குவிப்பதில்லை. நடைமுறையில் பல தோல்விகள் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஏனென்றால், ஒவ்வொரு அறைக்கும் ஒரு கம்பி என்று மின்பணியாளர் இழுப்பது இயல்பு.

பிற்காலத்து டிஎஸ்28இஏ00 போன்ற உணரிகளில் இரைச்சலை வடிகட்டும் சுற்று சில்லுக்குள்ளேயே வந்தது. தொழிற்சாலைகளிலோ வேறு வழியும் நிலைபெற்றிருக்கிறது. உணரிக்கு அரை மீட்டரில் ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வைத்து, அங்கிருந்து ஆர்எஸ்-485 இரட்டைக் கம்பியில் வேறுபாட்டுக் குறியாக அனுப்புகிறார்கள். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை அது போகும். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் முடிவு மின்தடையம் மட்டும் இருக்க வேண்டும்.