நீராவிச் சுழலி: கொற்கைக் கடற்கரையில்

நீராவிச் சுழலி என்பது உயர் அழுத்த நீராவியில் உள்ள வெப்ப ஆற்றலைத் தண்டின் சுழற்சியாக மாற்றும் இயந்திரம். மின் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு அது டர்பைன். 1884-இல் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் செய்த முதல் டர்பைன் 7.5 கிலோவாட் தந்தது. நிமிடத்திற்கு 18,000 முறை சுற்றியது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் ஓர் அலகு 210 மெகாவாட். ஆனால் அதன் தண்டு நிமிடத்திற்கு 3,000 சுற்றுதான் சுற்றுகிறது. இரு துருவ ஜெனரேட்டர் நொடிக்கு 50 முறை சுற்றினால்தான் நம் வீடுகளுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்கும் என்பதே காரணம்.

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிப்போன சிற்றூர். அதற்கு வடக்கே தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி மாநில மின் வாரியத்தின் அனல் மின் நிலையம் இருக்கிறது. முதல் அலகு 1979 ஜூலையிலும், இரண்டாவது 1980 டிசம்பரிலும், மூன்றாவது 1982 ஏப்ரலிலும் ஓடத் தொடங்கின. அடுத்த இரண்டுக்கு ஒன்பது, பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது அலகு 1991-லும், நான்காவது அதற்குப் பின் 1992-லும் வந்தன. ஐந்தும் சேர்ந்து 1,050 மெகாவாட். என்.எல்.சி.யும் மாநில மின் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிலையத்தின் 500 மெகாவாட் அலகுகள் இரண்டும் 2015-இல் சேர்ந்தன. ஆற்றுக்குத் தெற்கே சாகுபுரம் ரசாயன ஆலை தனக்கென நீராவி மின் நிலையம் வைத்திருக்கிறது. இன்னும் தெற்கே, திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்தில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் 1,000 மெகாவாட் டர்பைன்கள் ஓடுகின்றன. ஆற்றின் தலைமாட்டில் பாபநாசத்தில் 1944 முதல் விழும் தண்ணீரே சுழலியைச் சுற்றுகிறது. கடைமடையில் அதே தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுற்ற வேண்டியிருக்கிறது.

அமைப்பு

இந்தியாவின் பழைய 210 மெகாவாட் டர்பைன்கள் சோவியத் நாட்டின் லெனின்கிராட் உலோக ஆலை வடிவமைத்தவை. பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனம் ஹரித்வார் ஆலையில் அவற்றைச் செய்தது. பின்னால் அதே திறனுக்கு ஜெர்மனியின் கே.டபிள்யூ.யு. வடிவமைப்புக்கு மாறியது. லெனின்கிராட் வகையில் நீராவி சதுர சென்டிமீட்டருக்கு 130 கிலோ அழுத்தத்திலும் 535 டிகிரி செல்சியஸிலும் உயர் அழுத்த உருளைக்குள் நுழைகிறது. அங்கே 12 படிகளைக் கடந்ததும் பாய்லருக்கே திரும்பிப் போய் மறுபடி 535 டிகிரிக்குச் சூடேறி, நடு அழுத்த உருளையின் 11 படிகளுக்கு வருகிறது. கடைசியாகத் தாழ் அழுத்த உருளையின் நடுவில் இறங்கி இரு பக்கமும் பிரிந்து, பக்கத்துக்கு நான்கு படி தாண்டி, கண்டென்சரில் விழுகிறது.

ஒரு படி என்பது இரண்டு வரிசை. கேசிங் என்னும் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்கும் முதல் வரிசை, நீராவியை விரியவிட்டு வேகப்படுத்தித் திருப்பிவிடும். ரோட்டார் என்னும் சுழலும் தண்டோடு சுற்றும் பிளேடு வரிசை அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். அழுத்தம் குறையக் குறைய நீராவியின் பருமன் பெருகுவதால், முதல் படியில் விரல் நீளம் இருக்கும் பிளேடு கடைசிப் படியில் முழங்கையைத் தாண்டிவிடுகிறது. 2.5 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 3,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 390 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் ஒலி போவது 340 மீட்டர்தான். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிளேடும் தன் எடையைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு விசையோடு வேரைப் பிய்த்துக்கொண்டு வெளியே போகப் பார்க்கிறது. பிளேடுகளை 12, 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகிலும், ரோட்டாரை குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த எஃகை அடித்து உருவாக்கியும் செய்வது இதனால்தான்.

கூடங்குளத்தின் கதை வேறு. அங்கே நீராவி ஏறத்தாழ 60 பார் அழுத்தத்தில், 274 டிகிரியில் வருகிறது. அனல் நிலைய நீராவியோடு ஒப்பிட்டால் இது ஈர ஆவி. சூடு குறைவானதால் அளவு மிக அதிகம் வேண்டும். ஆகவே நடுவில் ஓர் உயர் அழுத்த உருளை, இரு புறமும் இரண்டிரண்டு தாழ் அழுத்த உருளைகள் என ஐந்து உருளைகள் ஒரே தண்டில் கோத்திருக்கின்றன. கடைசிப் படியின் பிளேடு 1.2 மீட்டர் நீளமுள்ள டைட்டானியம். உயர் அழுத்த உருளையை விட்டு வரும் ஆவியிலிருந்து நீர்த்துளிகளைப் பிரித்து, மறுபடி சூடாக்கித்தான் அடுத்த உருளைகளுக்கு அனுப்புகிறார்கள்.

தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் குண்டுகள் இல்லை. வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகப் பூச்சுள்ள இரண்டு அரைவட்ட ஓடுகள்தான். பல டன் எடையுள்ள ரோட்டார் அவற்றைத் தொடாமல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. எண்ணெய் சில நொடி நின்றாலும் பூச்சு உருகிவிடும். அதனால் மின்சாரம் அறவே போனாலும் பேட்டரியில் ஓடும் எண்ணெய் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்.

இரண்டு தண்ணீர்

இந்தக் கரையில் டர்பைனின் ஆயுளைத் தீர்மானிப்பது எஃகை விடத் தண்ணீர்தான் என்று சொன்னால் மிகையாகாது. தூத்துக்குடி நிலையம் இரண்டு தண்ணீரில் ஓடுகிறது. பாய்லருக்குள் போய் ஆவியாவது நன்னீர். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தொழிற்சாலைகளுக்கென 20 எம்.ஜி.டி., அதாவது நாளுக்கு 2 கோடி கேலன் திட்டம் வகுக்கப்பட்டது; வடகால், தென்கால் வாய்க்கால்களின் விவசாயிகளுக்கு அந்தத் திட்டத்தின் மேல் தீராத மனக்குறை உண்டு, அது நியாயமானதும்கூட. கூடங்குளத்தில் கடல்நீரையே நன்னீராக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது தண்ணீர் கடல். டர்பைனை விட்டு வரும் ஆவியை மறுபடி நீராக்கும் கண்டென்சர், ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் அடுக்கிய ஒரு பெரிய பெட்டி. குழாய்க்குள் கடல்நீர், வெளியே ஆவி. 210 மெகாவாட் அலகு ஒன்றுக்கு மணிக்கு 25,000 கன மீட்டருக்கும் மேல் கடல்நீர் வேண்டும். ஆவி நீராகும்போது பருமன் சட்டென்று சுருங்குவதால் பெட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் பத்தில் ஒரு பங்குதான். இந்த வெற்றிடம்தான் டர்பைனின் திறனில் பெரும் பங்கைத் தருகிறது. கோடையில் கடல்நீர் சூடேறினால் வெற்றிடம் குறையும், மின் உற்பத்தியும் குறையும்.

ஆபத்தும் அந்த வெற்றிடத்தில்தான். குழாயில் ஊசித் துளை விழுந்தால் ஆவி வெளியே போகாது. கடல்நீர்தான் உள்ளே உறிஞ்சப்படும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மணிக்கு 600 டன் ஓடும் நன்னீரில் ஒரே ஒரு லிட்டர் கலந்தால், நூறு கோடியில் 58 பங்கு உப்பு. அதில் சோடியம் மட்டும் 18 பங்கு. நீராவியில் சோடியம் நூறு கோடியில் ஐந்தாறு பங்கைத் தாண்டக்கூடாது என்பதே வழக்கமான வரம்பு. கசிந்த உப்பில் பெரும்பகுதி பாய்லர் டிரம்மில் தங்கிவிடும், அதை வெளியேற்றிவிடலாம். ஆனால் நீராவியின் சூட்டைக் கட்டுப்படுத்த அதே தண்ணீரைத்தான் ஆவியில் தெளிக்கிறார்கள். அந்த வழியாக உப்பு நேரே டர்பைனுக்குள் போய்விடும்.

போன உப்பு எல்லா இடத்திலும் படிவதில்லை. தாழ் அழுத்த உருளையில், ஆவி முதன்முதலில் ஈரமாகும் சில படிகளில், பிளேடு வேர்களிலும் சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவிப்பள்ளங்களிலும் தங்குகிறது. இழுவிசையும் குளோரைடும் சேரும் இடத்தில் எஃகு அரிப்பால் மட்டும் போவதில்லை, விரிசல் விடுகிறது. 1969 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் நிலையத்தில் டர்பைன் சக்கரம் ஒன்று ஓட்டத்திலேயே வெடித்துச் சிதறியது இழுவிசையும் அரிப்பும் சேர்ந்த விரிசலால்தான். நம் நாட்டில் 1993 மார்ச் 31 விடியற்காலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் கடைசிப் படி பிளேடுகள் இரண்டு முறிந்தன. அங்கே காரணம் உப்பல்ல, அதிர்வால் வந்த களைப்பு விரிசல். ஆனால் பிளேடு போனால் என்ன ஆகும் என்பதை அந்த விபத்து காட்டியது. சமநிலை இழந்த தண்டு அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வெளியேறித் தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்து எரிந்தது.

கசியும் குழாயைக் கண்டுபிடிப்பது பழைய முறையிலேயே நடக்கிறது. சுமையைப் பாதியாக்கி, கண்டென்சரின் ஒரு பாதியில் கடல்நீரை நிறுத்தி, ஆள் உள்ளே போய் குழாய் வாய்களில் நுரை பூசுவார். எந்த வாய் நுரையை உறிஞ்சுகிறதோ அதுதான் ஓட்டை. வெல்டிங் எதுவும் இல்லை. இரு முனையிலும் அடைப்பான் அடித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள்.

இயக்கம்

குளிர்ந்து கிடக்கும் டர்பைனை ஓடவைப்பது பொறுமை கேட்கும் வேலை. முதலில் பேரிங் எண்ணெய், பிறகு பாரிங் கியர் என்னும் சிறு மோட்டார் தண்டை மெதுவாக உருட்டும். பழைய வகையில் நிமிடத்திற்கு மூன்று நான்கு சுற்று. தண்டு கேசிங்கை விட்டு வெளிவரும் இடங்களில் காற்று நுழையாமல் சீல் ஆவி கொடுத்து, வெற்றிடம் இழுப்பார்கள். நீராவிக் குழாய்களில் தேங்கிய நீரை வடித்துச் சூடேற்றுவார்கள். அதன்பின் ஏறத்தாழ 500 சுற்றில் சிறிது நேரம் ஓடவிட்டு உலோகத்தைச் சூடாக்கி, தண்டு தன் இயல்பு அதிர்வெண்ணைத் தொடும் வேகங்களில் நிற்காமல் வேகமாகக் கடந்து, 3,000-க்கு வந்ததும் மின் கட்டமைப்போடு இணைப்பார்கள்.

இயக்குபவரின் கண் அதிர்வைவிட அதிகமாக விரிவைத்தான் பார்க்கும். ஆவி பட்டதும் மெல்லிய ரோட்டார் சீக்கிரம் நீளும், தடித்த கேசிங் பின்தங்கும். இரண்டுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டுச் சூடேற்றினால் சுற்றும் பிளேடு நிற்கும் பிளேடை உரசும்.

நிறுத்தும்போதும் இதே கதை. சூடான ரோட்டாரை அசையாமல் விட்டால் மேற்பாதி சூடாகவும் கீழ்ப்பாதி குளிர்ந்தும் வளைந்துவிடும். அதனால் பல மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட, பாரிங் கியரில் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டத்தில் ஜெனரேட்டர் சுமை திடீரென அறுந்தால் தண்டின் வேகம் எகிறும். ஏறத்தாழ 3,300 சுற்றைத் தாண்டினால் தனிப் பாதுகாப்புக் கருவி ஆவி வால்வுகளை மூடி ட்ரிப் செய்யும். அந்தக் கருவியை அவ்வப்போது உண்மையாகவே வேகத்தை ஏற்றிச் சோதிப்பது வழக்கம். கூடத்தில் நிற்பவர்கள் அந்த நேரத்தில் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

பராமரிப்பு

சில ஆண்டுக்கு ஒருமுறை கேசிங்கைத் திறந்து பார்ப்பது ஓவர்ஹால். கனத்த போல்ட்டுகளுக்குள் ஹீட்டர் விட்டு நீளச்செய்து நட்டுகளைக் கழற்றி, மேல்பாதியைக் கிரேனில் தூக்கி, ரோட்டாரை வெளியே எடுத்து ஸ்டாண்டில் வைப்பார்கள். படிந்த உப்பையும் சிலிக்காவையும் கழுவுமுன் மாதிரி எடுத்து ரசாயனப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கடந்த சில ஆண்டு கண்டென்சரும் பாய்லர் தண்ணீரும் எப்படி நடந்தன என்பதற்கு அதைவிட நேர்மையான பதிவேடு கிடையாது. பிறகு பிளேடு வேர்களில் சாயச் சோதனை, காந்தத் துகள் சோதனை. ஃபிட்டர்கள் ஃபீலர் கேஜ் வைத்து ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து ஏட்டில் எழுதுவார்கள். மூடும்முன் தண்டுகளின் நேர்கோடு சரிபார்ப்பு. இதில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் பின்னால் அதிர்வாக வந்து நிற்கும்.

ஓடாமல் நீண்ட நாள் நிறுத்தப்படும் டர்பைன் இந்தக் கரையில் ஓடும் டர்பைனைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. உள்ளே ஈரமும், பிளேடில் மிச்ச உப்பும், உப்புக் காற்றும் சேர்ந்தால் எஃகில் குழி விழும்; குழிதான் நாளைய விரிசலின் தொடக்கம். உலர்காற்றை ஊதிக்கொண்டிருப்பதே மருந்து.

பற்றவைப்பு

டர்பைனைச் சுற்றி நடக்கும் வெல்டிங்கில் பெரும்பகுதி டர்பைனில் அல்ல, அதற்கு ஆவி கொண்டுவரும் குழாய்களில். 2.25 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் கலந்த இந்தக் குழாய்களைச் சாதாரண இரும்பைப் போல ராடு வைத்து ஒட்டிவிட முடியாது. பற்றவைத்த இடம் சட்டென்று குளிர்ந்தால் எஃகு கண்ணாடிபோல் கடினமாகும். ராடின் ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜன் உள்ளே சிக்கி, சில மணி நேரம் கழித்து, வெல்டர் வீட்டுக்குப் போன பிறகு, விரிசலாக வெளிப்படும். ஆகவே முனைகளைச் சரிவாகச் சீவி, துருவும் எண்ணெயும் போகத் தேய்த்து, குறைந்தது 150 முதல் 200 டிகிரிக்கு முன்சூடேற்றுகிறார்கள். அடிச்சுற்றை ஆர்கான் வாயுவின் காப்பில் டிக் முறையில் போட்டு, மேற்சுற்றுகளை உலர்த்திய ராடால் நிரப்புகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கசடைத் தட்டி கிரைண்டிங் செய்ய வேண்டும். முடிந்ததும் ஏறத்தாழ 700 டிகிரியில் வைத்து மெல்ல ஆறவிட்டு, எக்ஸ்ரே எடுப்பார்கள். முன்சூடும் பின்சூடும் நேரத்தைத் தின்னும் என்பதால் ஷட்டவுன் அவசரத்தில் முதலில் சுருக்கப்படுவது அவைதான். அப்படிச் சுருக்கிய இணைப்புகளே மறுபடி போகின்றன.

ரோட்டாரில் சாதாரணமாக வெல்டிங் வைப்பதில்லை. கடைசிப் படி பிளேடின் முன்விளிம்பில் நீர்த்துளி அரிப்பைத் தாங்க ஸ்டெல்லைட் என்னும் கடின உலோகப் பட்டையைப் பிணைப்பதுண்டு. அது ஆலையின் வேலை. கேசிங்கில் விரிசல் கண்டால் அதை முழுதாகத் தோண்டி எடுத்து, சாயம் ஊற்றி மிச்சம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே நிக்கல் கலந்த ராடால் நிரப்புவார்கள்.

புதிதாக வருபவர்கள் தவறவிடும் விதி ஒன்று உண்டு: எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் எங்கோ மாட்டினால் மின்னோட்டம் தண்டு வழியாகப் பேரிங்குக்குள் பாய்ந்து, எண்ணெய்ப் படலத்தைத் துளைத்து, பூச்சில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிடும். ஜெனரேட்டரில் ஹைட்ரஜன் இருக்கும்வரை அருகில் தீப்பொறி கூடாது. முதலில் கார்பன் டை ஆக்சைடால் அதை வெளியேற்றியாக வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி ஓராண்டு, ஃபிட்டர் பயிற்சி இரண்டு ஆண்டு. திருச்சியில் பெல் வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் உயர் அழுத்தக் குழாய் வேலைக்கான பயிற்சி தருகிறது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும், இந்திய கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தேர்வுத் துண்டைப் பற்றவைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்காதவர் ஆவிக் குழாயில் ராடைத் தொட அனுமதி இல்லை.