ஒரே ரோட்டின் இரண்டு முனைகள்: வேலை விசாவின் கதை

ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தை நம்ம ஊரில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அங்கிருந்து கதீட்ரல் ரோட்டில் கடற்கரையைப் பார்த்து நடந்தால், ரோடு அப்படியே ராதாகிருஷ்ணன் சாலையாக மாறிவிடும். பழைய பெயர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகரின் குடும்ப வீடு, 'சந்திர விலாஸ்', இந்த ரோட்டில்தான்.

1937 ஜனவரியில் சந்திரசேகர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அழைத்தவர் அதன் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவ். அந்தக் காலத்தில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. 1917 சட்டப்படி இந்தியா 'தடை செய்யப்பட்ட ஆசிய மண்டலத்தில்' இருந்தது. பேராசிரியர், மாணவர், மருத்துவர் என்று சிலருக்கு மட்டும் விலக்கு. போதாக்குறைக்கு, இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று 1923-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அந்தக் கதவு திறக்க 1946 வரை ஆனது. அப்போதும் இந்தியா முழுமைக்கும் வருஷத்துக்கு 100 பேர்தான்! சந்திரசேகர் குடியுரிமை பெற்றது 1953-ல்.

இப்போது நாம் சொல்லும் ஹெச்-1பி-க்கு விதை போட்டது 1952 சட்டம். (ஹெச் என்பதற்கு விரிவாக்கம் தேடாதீர்கள், அது சட்டத்தில் வரும் உட்பிரிவின் எழுத்து, அவ்வளவுதான்.) 'தனிச் சிறப்பும் திறமையும்' உள்ளவர்கள் தற்காலிகமாக வேலைக்கு வரலாம் என்றது. எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. 1990-ல் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) கையெழுத்திட்ட சட்டம்தான் பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கு என்று ஹெச்-1பி-யை உருவாக்கி, வருஷத்துக்கு 65,000 என்று கோடு போட்டது.

இதில் நிறைய பேர் கவனிக்காத ஒன்று உண்டு. விசா வாங்கப் போவது நாம்தான், ஆனால் மனு போடுவது நாம் இல்லை, கம்பெனி. உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் அளவு சம்பளம் தருவேன் என்று கம்பெனி முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் குடியேற்றத் துறையிடம் பெட்டிஷன். அது பாஸானால்தான் நாம் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஜெமினிக்கு ஸ்டாம்பிங் போக முடியும். கம்பெனி மனதை மாற்றிக்கொண்டால் பெட்டிஷனும் போச்சு. என்னைக் கேட்டால், இந்த விசாவின் எல்லாக் கஷ்டமும் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒய்2கே சமயத்தில் புரோகிராமர்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. 1998 சட்டம் வரம்பை 1,15,000 ஆக்கியது, 2000-ல் வந்த சட்டம் அடுத்த மூன்று வருஷங்களுக்கு 1,95,000 ஆக்கியது. ஆட்களைக் கூட்டிப் போய் புராஜெக்ட் கிடைக்கும் வரை சம்பளமில்லாமல் உட்கார வைக்கும் 'பெஞ்ச்' வழக்கம் அப்போது பெரிய புகாராக இருந்தது. வேலை இல்லாத நாளுக்கும் கம்பெனி சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1998 சட்டம் சொன்னது அதனால்தான். புதுக் கம்பெனி பெட்டிஷன் போட்ட உடனேயே அங்கே வேலைக்குச் சேரலாம் என்ற வசதி 2000-ல் வந்தது.

ஆனால் டாட்காம் குமிழி உடைந்தபோது புதுக் கம்பெனிக்கு எங்கே போவது? வேலை போனால் அந்த நாட்டில் தங்கும் உரிமையும் போச்சு. அபார்ட்மெண்ட் வாடகை, கார் கடன், பிள்ளையின் ஸ்கூல் எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தன. 60 நாள் அவகாசம் என்று விதியில் எழுதியது 2017-ல்தான். ஹெச்-4-ல் கூடப் போன மனைவிமார்களின் பாடு இன்னொரு கதை. இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட அங்கே வீட்டில் உட்கார வேண்டியதுதான். 2015 மே மாதம்தான், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும், வேலை பார்க்க அனுமதி வந்தது.

2004 நிதியாண்டில் வரம்பு பழையபடி 65,000-க்கு இறங்கியது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு மட்டும் தனியாக 20,000 சேர்த்தார்கள். 2007 ஏப்ரலில் மனு வாங்கத் தொடங்கிய முதல் இரண்டு நாளிலேயே 1,20,000-க்கு மேல் குவிந்துவிட, குலுக்கலில்தான் தேர்ந்தெடுத்தார்கள். எத்தனை திறமை இருந்தாலும் சீட்டு விழ வேண்டும்!

கடைசியாக 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதுப் பெட்டிஷனுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்திட்டார், ஞாயிறு அதிகாலை முதல் அமல். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தவர்களை உடனே திரும்பி வரச் சொல்லிப் பெரிய கம்பெனிகள் மெயில் அனுப்பின. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் சனிக்கிழமைதான் வந்தது. அதற்குள் பலர் விமானம் ஏறிவிட்டார்கள்.