ஒழுகாத கூரையை யார் தொடுவார்?

ஜார்ஜ் டவுனிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீடு ஒன்றில் நுழைந்தால் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் மூலைவாட்டாக, நெட்டுக்குத்தாக நிறுத்திய சின்னச் செங்கற்கள் தெரியும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். அந்தக் கல் சுவர்க்கல் அல்ல, தளத்துக்கென்றே சுட்டது. சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன். கொத்தனார் ஒரு மூலையில் ஆரம்பித்து, கீழே பலகை முட்டுக் கொடுக்காமலே, சுண்ணாம்புச் சாந்தில் கல்லோடு கல்லை ஒட்டிக்கொண்டே எதிர்மூலைக்குப் போய்விடுவார்.

அது இறுகியபின் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்கு மேல் கொட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் அந்தக் கலவையைத் தட்டுவார்கள், நாள் கணக்கில். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை பதியாமல் துள்ள ஆரம்பித்தால்தான் மேஸ்திரி போதும் என்பார். அதன்மேல் தட்டோடு. எல்லாம் சேர்ந்தால் கூரையின் கனம் முக்கால் அடியை நெருங்கும்.

அரசுக் கட்டுமானப் பணியில் பொறியாளராக நான் சேர்ந்தபோது தேக்குச் சட்டம் போய்விட்டது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதோடு பர்மாத் தேக்கு வரத்து அறுந்தது. போருக்குப் பிறகு கம்பியும் சிமெண்டும் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் கூரையின் மேல்பாதி போகவில்லை. கான்கிரீட் தளத்தின் தலையில் அதே ஜல்லிச் சுண்ணாம்பும் அதே தட்டோடும் ஏறி உட்கார்ந்துகொண்டன. வெதரிங் கோர்ஸ் என்று அதற்குப் பெயர். பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் அதன் விகிதம் எங்கள் தலைமுறைக்கு மனப்பாடம்: செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கூடாது. மரக்கட்டையால் நன்றாகத் தட்ட வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும்.

அந்தக் குறிப்பைப் பார்த்து நான் வேலை வாங்கிய காலமெல்லாம் அது மழைக்கான ஏற்பாடு என்றே நினைத்தோம். பில்லில் அதை எழுதுவதும் அப்படித்தான், அளப்பதும் அப்படித்தான். தளத்தின் நடுவில் மூன்று அங்குலம், ஓரத்தில் குறைவு, வடிகுழாயை நோக்கி வாட்டம். தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் தேங்காமல் ஓடினால் கையெழுத்து. கீழே குடியிருப்பவருக்கு மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று அளவுப் புத்தகத்தில் ஒரு கட்டமும் கிடையாது.

ஆனாலும் அந்த மூன்று அங்குலம் வெயிலையும் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருந்தது. கணக்கு இது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் வெறுமனே கிடந்தால், ஒரு சதுர மீட்டர் வழியே, மேலுக்கும் கீழுக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் மூன்றரை வாட் வெப்பம் இறங்கும். ஜல்லிச் சுண்ணாம்பும் ஓடும் போட்டால் அது இரண்டரை வாட் பக்கம் வரும். பெரிய சாதனை இல்லைதான். ஆனால் யாரும் கேட்காமல் கிடைத்தது.

பழைய கூரையை நான் பெரிதாகத் தூக்கிப் பேசவும் மாட்டேன். கனமான தளம் பகல் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு ராத்திரியில் கீழே விடும். அதனால்தான் வீடு முழுக்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனது. உயரமான உள்கூரை, நடுமுற்றம், மாடித் தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடு குளிர்ந்தது. அதில் கூரையை மட்டும் பெயர்த்தெடுத்து ஒன்பதடி உயரப் படுக்கையறை மேல் வைத்தால் அதே பலன் வராது. சுண்ணாம்பு என்று சொன்னாலே கண் கலங்கும் கட்டடக்கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெதரிங் கோர்ஸை யாரும் தடை செய்யவில்லை. அது தேய்ந்து மறைந்தது. வேலைத்தலத்தில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு நீற்ற இடமில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைப்பது அரிதானது. நாள் கணக்கில் தட்டக் கூலி கட்டுப்படியாகவில்லை. தட்டத் தெரிந்தவர்களும் வயதாகி நின்றுவிட்டார்கள். தொண்ணூறுகளுக்குப் பின் டின்னில் வந்த ரசாயனப் பூச்சு, ஒரே நாளில் உருளையால் தேய்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்றது. மழையை அது நிறுத்தியது, உண்மை. ஒரு மில்லிமீட்டர் பூச்சு வெயிலை என்ன செய்யும்? அதுவும் கறுப்பாகவோ செங்கல் நிறத்திலோ அடித்தால்? பழைய அடுக்கு இரண்டு வேலை செய்தது. புதியதை வாங்கும்போது ஒரு வேலைக்கு மட்டுமே விலை கேட்டோம்.

அந்த இன்னொரு வேலையை ஏசிப் பெட்டி எடுத்துக்கொண்டது.

தில்லியிலிருந்து வந்த சட்டங்களும் முதலில் பெட்டியைத்தான் பார்த்தன. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் நிறைவேறியது; மறு ஆண்டு மார்ச்சில் அதற்கான தேசிய அமைப்பு வேலையைத் தொடங்கியது. 2006-ல் நட்சத்திரக் குறியீடு வந்தது. 2015 ஜனவரியில் எல்.இ.டி. பல்பு திட்டம். 2020 ஜனவரி முதல், ஏசியை முடுக்கினால் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி. எல்லாம் நல்ல வேலைகள். கடையில் வாங்கி வந்து மாட்டக்கூடிய பொருள் என்பதால் ஆலையிலேயே பிடித்துவிடலாம். வீட்டுக்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

கட்டடத்துக்கென 2007-ல் வந்த விதித்தொகுப்பு வணிகக் கட்டடங்களுக்கானது. வீடுகளின் முறை 2018 டிசம்பரில்தான் வந்தது: ஈகோ நிவாஸ் சம்ஹிதா. கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு அதில் ஒரு வரம்பு உண்டு. நான் மேலே சொன்ன அதே கணக்கில் 1.2 வாட். எங்கள் 32-க்குப் பன்னிரண்டரை அதில் பாஸாகாது, பாதி மதிப்பெண்தான் வரும். ஆனால் அந்த வரம்பு யாருக்கு? மனை 500 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்றது அந்தத் தொகுப்பு. நம்மூர் அளவில் ரெண்டேகால் கிரவுண்ட். அதுவும் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு, மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டால். 2022-ல் திருத்திய சட்டம் குடியிருப்புகளையும் சேர்த்தது, 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேல் என்ற எல்லையோடு. அரைக் கிரவுண்டில் மூன்று மாடி கட்டி மேல்மாடியில் வேகும் குடும்பம் இந்த வலை எதிலும் சிக்காது.

இருக்கிற வீட்டைத் தொடுவது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் 2003-ஐ ஞாபகப்படுத்துவேன். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வந்த அவசரச் சட்டம் புதுக்கட்டடம், பழைய கட்டடம் என்று பார்க்காமல் எல்லோரும் மழைநீர்ச் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்றது. சில வாரங்கள்தான் கெடு. குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்ற மிரட்டல் வேறு. ஊர் முழுக்க மொட்டை மாடிக் குழாய்களைத் திருப்பிக் கிணற்றிலும் குழியிலும் விட்டார்கள். ஒப்புக்குத் தோண்டிய குழிகளும் நிறைய, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மாநிலமே தன் பழைய வீடுகள் ஒவ்வொன்றின் மாடியிலும் கை வைத்தது. அப்போது ஏறிய ஏணியில் வெயிலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சம் தொண்டையில் நின்ற நேரம். குறை சொல்ல மனம் வரவில்லை.

2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டு ஆண்டுகளிலும் அதேதான். மக்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு மின்விசிறியோடு காலம் தள்ளும் வீட்டுக்குக் கூரையின் குறை பில்லில் தெரியவே தெரியாது, உடம்பில்தான் தெரியும். 2024-ல் ஒன்றிய அரசு கூரைமேல் சூரியத் தகடு பொருத்த 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. தகடு நிழல் தருகிறது, அதுவும் நல்லதுதான். இருந்தாலும் ஏசி ஓட்டுவதற்கு மின்சாரம் தயாரிக்கப் பணம் உண்டு, ஏசி ஓட வேண்டிய நேரத்தைக் குறைக்கும் வேலைக்கு இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. பக்கத்துத் தெருவில் விளக்கு எரிகிறது.

ஓய்வுக்குப் பின் தெரிந்தவர்களின் அடுக்குமாடிகளுக்குப் போய்க் கூரை பார்த்துச் சொல்கிறேன். ஒருவர்கூட என்னைச் சூட்டுக்காகக் கூப்பிட்டதில்லை. ஒழுகினால்தான் அழைப்பு. மாடி எல்லோருக்கும் பொது. வேகிறவர்கள் மேல்மாடிக்காரர்கள் மட்டும். தரைத்தளத்து அம்மா ஒருவர் கூட்டத்தில் நேராகவே கேட்டார்: "தம்பி, ஒழுகலையே, எதுக்குச் செலவு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என் தொழிலிலேயே இருந்தது. சொல்லத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

கூரை ஏன் ஒழுகுகிறது? பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 20 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டர் நீளும். ராத்திரி சுருங்கும். தினமும் இப்படி இழுத்து இழுத்து, கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் முதலில் மயிரிழை விரிசல் விடும். மழை அதன் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும். படுக்கையறைக் கூரை பொரிந்து கட்டிலில் விழும். ஜல்லிச் சுண்ணாம்பு தளத்தின் சூட்டு ஏற்றஇறக்கத்தையும் குறைத்தது, தனக்குள் விழும் மெல்லிய வெடிப்பைத் தானே அடைத்தும் கொண்டது. வெயிலைத் தடுத்ததால்தான் மழையையும் அவ்வளவு காலம் தடுக்க முடிந்தது என்பது என் தீர்மானம்.

ஆகவே சட்டம் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். சும்மா இருக்கும் கூரையைத் தேடிப் போகாதீர்கள், ஒழுகும் கூரையைப் பிடியுங்கள். பழைய வீடு எப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாடியில் பணம் செலவழிக்கிறது. பொது மாடியில் நீர்க்காப்பு வேலை எடுத்தால் வெப்பத்தடுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள், கூடுதல் செலவில் ஒரு பங்கைச் சொத்துவரியில் கழியுங்கள். மூன்று அங்குல ஜல்லி சதுர மீட்டருக்கு 140 கிலோ ஏற்றும். துருப்பிடித்த பழைய தளத்தின் மேல் இன்னொரு தடவை அதைப் போடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏற்கெனவே இருக்கிற அடுக்கின் மேல், நீர்க்காப்புக்குப் பின், ஓர் அங்குல நுரைத்தகடு விரித்து, சாந்து போட்டு வெள்ளை ஓடு பதித்தால் பாரம் அதிகம் ஏறாது; 1.2 வரம்பும் தாராளமாக எட்டிவிடும்.

அந்தக் கூட்டத்தில் விரிசல் கதையைச் சொன்னபின், மேஸ்திரி தன் பங்குக்கு, "சார் சொல்றது நிஜம்மா, தளம் சுட்டா பூச்சு அஞ்சு வருஷத்துல உரிஞ்சு வந்துரும்" என்றார். தரைத்தளத்து அம்மா சம்மதித்துவிட்டார். நுரைத்தகட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளர் கேட்டார். ஒழுகல் வேலை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.