‘எனக்கு ஏதுங்க நேரம்?’ - ஓடிக்கொண்டே இருப்பவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்வது எப்படி?

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. ஒரு கை தோசையைத் திருப்புகிறது. இன்னொரு கை, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைத் தள்ளிப் பார்க்கிறது. டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம். மேடையில் வைத்த காபி ஆடை கட்டி ஆறிக் கிடக்கிறது. அடித்துப் பிடித்து பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் வருகிறது: ‘கேஸை அணைச்சோமா, இல்லையா?’

பெரும்பாலும் அணைத்திருப்போம். ஆனால் அணைத்தது நினைவில் இருக்காது. கை அடுப்பில் இருந்த நேரத்தில் மனசு அலுவலகத்துக்குப் போய்விட்டது.

இப்படி ஓடுகிறவரிடம், ‘உங்களை நீங்க கொஞ்சம் கவனிச்சுக்கணும்’ என்று சொன்னால் வரும் பதில் ஒன்றுதான்: ‘எனக்கு ஏதுங்க நேரம்?’ அந்தக் கேள்வி நியாயமானது. ‘செல்ஃப் கேர்’ என்று தேடினால் வாசனை மெழுகுவர்த்தி, ஸ்பா, மலைப்பிரதேச ரிசார்ட் என்றுதான் வருகிறது. அதற்குப் பணமும் வேண்டும், லீவும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் என்ன செய்வது? இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்குகிறது.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் என்ன?

செய்துகொண்டிருக்கும் காரியத்தில் மனமும் கூடவே இருப்பது. அவ்வளவுதான். குளிக்கும்போது தண்ணீர் உடம்பில் விழுவது தெரிகிறது, சாப்பிடும்போது உப்பு குறைவாக இருப்பது தெரிகிறது, கோபம் வரும்போது கோபம் வருகிறது என்பதும் தெரிகிறது.

இதை ‘நினைவாற்றல்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் ஞாபகசக்திதான் நினைவுக்கு வரும். இதன் வேர் பௌத்தத்தில் உள்ளது. புத்தரின் எட்டு நெறிகளில் ஒன்றான இதை, பௌத்தம் பற்றித் தமிழில் எழுதியவர்கள் ‘நற்கடைப்பிடி’ என்று குறிப்பிட்டுள்ளனர். கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்றும் பொருள் உண்டு. இங்கே மறக்கக் கூடாதது, இந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதை.

மருத்துவமனைக்குள் இது எப்படி வந்தது?

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் சில வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அவர் மூலக்கூறு உயிரியல் படித்தவர். சிகிச்சை எடுத்தும் வலி முழுதாகத் தீராத நோயாளிகள் அதில் சேர்ந்தனர். மதச் சடங்கு எதுவும் இல்லாமல், மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் பயிற்சியாக அது அமைந்தது.

அதில் பிரபலமானது உலர் திராட்சைப் பயிற்சி. ஒரே ஒரு திராட்சையைக் கையில் எடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். நம்ம ஊரில் திராட்சையைத் தேட வேண்டியதில்லை. காலை இட்லியின் முதல் விள்ளலே போதும்.

மனதை வெறுமையாக்க வேண்டுமா?

வேண்டாம். பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொண்டு, ‘நமக்கெல்லாம் இது வராதுப்பா’ என்று விட்டுவிடுகிறார்கள். மனம் ஓடத்தான் செய்யும். ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திரும்பக் கூட்டி வருவதுதான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது முறை ஓடினால், முப்பது முறை கூட்டி வர வேண்டியதுதான். அதில் தோல்வி ஏதும் இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்தால், நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதி முடுக்கிவிடப்படுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், கழுத்தும் தோளும் இறுகும். துரத்தும் நாய்க்கும், மேலதிகாரியின் ‘உடனே பேசணும்’ என்ற மெசேஜுக்கும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது. நாய் போய்விட்டால் உடம்பு அடங்கிவிடும். மெசேஜ்கள் நிற்பதில்லை என்பதுதான் பிரச்னை.

இதயத் துடிப்பை நாம் நினைத்தவுடன் குறைக்க முடியாது. மூச்சைக் குறைக்க முடியும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விட்டால் அது 6 ஆகக் குறையும். வெளிமூச்சு நீளும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்புப் பகுதி வேலை செய்யத் தொடங்குகிறது. பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே இதைச் செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தியானப் பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் 3,515 பேர். மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் இருப்பதாக அது கூறியது. அதேநேரம், உடற்பயிற்சி, மருந்து, மற்ற மனநல சிகிச்சைகளைவிட இது சிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கூறியது.

அதாவது, பலன் உண்டு. ஆனால் சர்வரோக நிவாரணி இல்லை. யாராவது அப்படி விற்றால் உஷாராக இருப்பது நல்லது.

‘நேரம் இல்லை’ என்பது சாக்கா?

எல்லோருக்கும் 24 மணி நேரம்தான் என்பார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதுவும் அந்த வேலைகளில் கைவைக்கும் ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்தால். பெண்களில் 81.2 சதவீதம் பேர் வீட்டு வேலை செய்கிறார்கள் என்றால், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான் செய்கிறார்கள்.

எனவே வீட்டில் ஒருவருக்கு மூச்சுவிட நேரமில்லை என்றால், அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதற்கு முன் இன்னொருவர் பாத்திரம் கழுவலாம். அதுவும் சுய பராமரிப்பு பற்றிய பேச்சில் சேர்த்திதான்.

ஒரு நாளில் எங்கெல்லாம் நிறுத்திக்கொள்ளலாம்?

புதிதாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டாம். ஏற்கெனவே செய்யும் வேலைகளோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

காலை: கண் விழித்ததும் போனை எடுக்கும் முன் பத்து மூச்சு. காபியின் முதல் மூன்று வாயை மட்டும் உட்கார்ந்து குடிக்கலாம். அடுப்பை அணைக்கும்போது ‘அணைச்சாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் வரும் அந்தச் சந்தேகம் குறையும்.

பயணம்: பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை போனைப் பைக்குள் வைத்துவிட்டு, மூச்சையோ வெளியே கேட்கும் சத்தங்களையோ கவனிக்கலாம். வண்டி ஓட்டுபவர்களுக்கு சாலையைக் கவனிப்பதே பயிற்சி. சிக்னல் சிவப்பில் இருக்கும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கையைத் தளர்த்தி, தோளை இறக்கிக்கொள்ளலாம்.

கணினி வேலை: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் வறண்டுபோகும். அந்த 20 விநாடியில் கண்ணும் ஓய்வெடுக்கும், மனசும் நிற்கும்.

சாப்பாடு: வயிறு நிறைந்த செய்தி மூளைக்குத் தெளிவாகப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். சீரியலோ ரீல்ஸோ பார்த்தபடி அள்ளிப் போட்டால், அதற்குள் தேவைக்கு மேல் உள்ளே போயிருக்கும். முழு சாப்பாட்டையும் நிதானமாகச் சாப்பிட முடியாவிட்டாலும் முதல் ஐந்து கவளத்தை ருசி தெரிந்து சாப்பிடலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர்கள் கவனிக்க: டீ, காபியில் உள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் ஒரு மணி நேரமாவது இவற்றைத் தவிர்க்கும்படி ஐ.சி.எம்.ஆர் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் கூறுகிறது.

மாலை: வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் அந்த நொடி. அலுவலகக் கோபத்தோடு உள்ளே போகிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் மீது விழும் பல திட்டுகள் வேறு யாருக்கோ சேர வேண்டியவை.

இரவு: பெரியவர்களுக்கு குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. குடித்த காபியில் உள்ள கஃபைனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த காபி, பதினோரு மணிக்கும் பாதி வேலையைக் காட்டும். போனுக்கான சார்ஜரைக் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில் வைப்பது எளிய வழி.

உட்காரவே விடாத வேலையில் என்ன செய்வது?

ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். கழிப்பறைக்கு அடிக்கடி விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்களும் உண்டு. அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

இதற்கு மூச்சுப் பயிற்சி தீர்வாகாது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கேரளா இதே போன்ற திருத்தத்தை 2018-ல் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்காருவது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை.

உலக சுகாதார அமைப்பும் 2019-ல் ‘பர்ன் அவுட்’ என்பதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலை மீது வெறுப்பு வருவது, எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் மூன்று அடையாளங்கள். காரணம் வேலையில் இருந்தால், மாற்றமும் வேலையில்தான் தொடங்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

‘எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு, டென்ஷன்தான் காரணம்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய் ஆகியவையும் அசதியாகத்தான் முதலில் எட்டிப் பார்க்கும். தியானம் செய்து ஹீமோகுளோபினை ஏற்ற முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்தது எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. தமிழிலும் பேசலாம்.

கொடுமையான அனுபவத்தைக் கடந்து வந்த சிலருக்கு, கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய நினைவுகள் திரும்பி வந்து பதற்றம் அதிகமாகலாம். அவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு நிபுணரின் துணையோடு செய்வதே பாதுகாப்பானது.

எங்கிருந்து தொடங்குவது?

மேலே உள்ளதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் செய்து பாருங்கள். காபியோ, சிக்னலோ, செருப்போ, ஏதோ ஒன்று. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடரலாம், அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாரம் கவனித்தால் உடம்பு சில விஷயங்களைச் சொல்லத் தொடங்கும். மதியத்துக்கு மேல் தலை வலிக்கிறது, ஒரு குறிப்பிட்ட போன் அழைப்பு வந்தால் வயிறு இறுகுகிறது, இரவுச் சாப்பாட்டை எப்போதும் கடைசியாக, மிச்சம் இருப்பதை வைத்துத்தான் சாப்பிடுகிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அப்படிப் பட்டதை வைத்து ஒரு காரியம் செய்ய வேண்டும். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போகலாம், ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம், கடையில் ஸ்டூல் கேட்கலாம். ‘இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம், அவங்கவங்க தட்டை அவங்கவங்க கழுவிடுங்க’ என்று வீட்டில் சொல்லலாம்.