டைம்ஸுக்கு மாறாத சமன்பாடு

“பாடி டெக்ஸ்ட் டைம்ஸ், பத்துக்குப் பன்னிரண்டு.” வெளிநாட்டுக் கணித இதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் தொண்ணூறுகளின் நடுவில் நான் சேர்ந்தபோது, பதிப்பகத்திலிருந்து வரும் தாளில் எழுத்துருவைப் பற்றி இவ்வளவுதான் இருக்கும். கணிதத்துக்கு எந்த ஃபான்ட் என்று ஒரு வார்த்தை இராது. உரை டைம்ஸ் என்றால் சமன்பாடும் கூடவே டைம்ஸில் வந்து நிற்கும் என்று எழுதியவர் நினைத்திருப்பார். உரையை மாற்ற ஒரு வரி போதும். சமன்பாட்டை மாற்றுவது தனிப் பிழைப்பு. டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் எழுத்துரு வரலாற்றில் பாதி, அந்தப் பிழைப்பின் வரலாறுதான் என்பது என் கட்சி.

இந்தத் தகராறு கணினியோடு பிறந்ததல்ல. ஈய எழுத்துக் காலத்திலேயே கணிதப் பிரதி என்றால் அச்சகங்கள் கூடுதல் கூலி கேட்டன. மோனோடைப் இயந்திரம் எழுத்துகளை வார்த்துத் தள்ளிவிடும். அடுக்குகளையும் பின்னக் கோடுகளையும் தொகையீட்டுக் குறிகளையும் ஒரு கம்போசிட்டர் கையால் எடுத்து, இடுக்கில் ஈயத்தகடு சொருகி நிறுத்த வேண்டும். 1950களின் பிற்பகுதியில் மோனோடைப் தன் நான்கு வரி முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கைவேலை குறைந்தது. எந்த முகத்தில் கணிதம் அச்சாகும் என்பதை அழகு மட்டும் தீர்மானிக்கவில்லை. கிரேக்கமும் சாய்வும் சிறுகுறிகளும் எந்த வரிசையில் குறையில்லாமல் கிடைக்கின்றனவோ, அதில்தான் கணிதம் போகும். உரை அதன் பின்னால் போகும்.

எங்கள் பிரிவில் புரூஃப் பார்த்த பெரியவர் ஈய அச்சில் தொழில் கற்றவர். கணிதம் அவர் படித்ததில்லை. ஆனாலும் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஹைஃபன் நிற்பதை ஒரு கை தூரத்திலிருந்து பிடித்துவிடுவார். “இது கறுப்பு ஜாஸ்தி தம்பி, வேற பெட்டிலேர்ந்து வந்திருக்கு” என்பார். கணித எழுத்துருவைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

பெட்டி என்பது கணினி அச்சின் தொடக்க காலத்தில் நிஜமாகவே பெட்டிதான். 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசன்னா எழுதிய டிராஃப் நிரல், சி/ஏ/டி என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தை ஓட்டியது. அதில் ஏற்றக்கூடிய எழுத்துருக்கள் நாலே நாலு. ஒவ்வொன்றிலும் 102 வடிவங்கள், ஃபிலிமில். வழக்கமாக ஏற்றியிருந்தவை டைம்ஸ் நேர், சாய்வு, தடிப்பு. நாலாவது கிரேக்கமும் கணிதக் குறிகளும் அடங்கிய சிறப்புத் துண்டு. பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் சமன்பாட்டுக்கென்று எழுதி 1975இல் கட்டுரையாக வெளியிட்ட ஈகியூஎன் நிரல் இந்த நாலுக்குள்தான் குடித்தனம் நடத்தியது. இயல்பிருப்பு எழுத்துரு எது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. மாட்டியிருப்பது எதுவோ அதுவே இயல்பிருப்பு.

டொனால்டு குனுத்தின் கதை வேறு திசையில் போகிறது. ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் முதல் மூன்று தொகுதிகள் 1968 முதல் 1973 வரை மோனோடைப் ஈயத்தில் அச்சானவை. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்காக 1977 மார்ச்சில் அவர் கைக்கு வந்த கேலி புரூஃப், ஒளி அச்சுக்கோப்பில் செய்தது. எழுத்தும் இடைவெளியும் பழைய பதிப்பின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதபடி இருந்தன. புள்ளிகளால் ஆன எழுத்தைத் துல்லியமாக அச்சடிக்கும் இயந்திரத்தின் வேலையை அதற்குச் சற்று முன்புதான் அவர் பார்த்திருந்தார். எழுத்து என்பது பூஜ்யமும் ஒன்றும் என்றால் அது கணினிக்காரனின் வேலை என்று முடிவு கட்டி, மே மாதமே டெக்கின் முதல் வரைவை எழுதிவிட்டார். ஓர் ஆண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்தாண்டைத் தின்றது.

தின்றது பெரும்பாலும் எழுத்துருதான். அழகான புது எழுத்து படைக்க வேண்டும் என்பதல்ல அவர் ஆசை. தன் புத்தகம் முன்பு இருந்தது போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அந்த முதல் பதிப்பின் மோனோடைப் மாடர்ன் 8ஏ எழுத்தை முன்னே வைத்துக்கொண்டார். வளைவுகளைச் சமன்பாடுகளாகச் சொல்லும் மெட்டாஃபான்ட் நிரலை எழுதினார். தடிமன், உயரம், செரிஃபின் நீளம் என்று 62 அளவுருக்களைத் திருகினால் ஒரே வரைவிலிருந்து நேர், தடிப்பு, தட்டச்சு முகம் எல்லாம் பிறக்கும். ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் வளைவு அவரை அத்தனை பாடுபடுத்தியதால், அதற்கென்றே 1980இல் தனிக் கட்டுரை எழுதினார். 1981இல் மறுபதிப்பு அச்சாகி வந்தபோது அவருக்கே திருப்தியில்லை. ஹெர்மன் ட்சாப்ஃப், மேத்யூ கார்ட்டர், சார்லஸ் பிகலோ, ரிச்சர்ட் சவுத்தால் போன்ற எழுத்துக் கலைஞர்களிடம் பாடம் கேட்டுத் திருத்தினார். 1985வாக்கில் கம்ப்யூட்டர் மாடர்ன் முடிவான உருவம் பெற்றது. அதன் பின்னும் மனம் கேளாமல் 1992இல் கிரேக்க டெல்டாவையும் அம்புத் தலைகளையும் மாற்றினார்; பழைய டெல்டாவை இன்னும் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும்.

மெட்டாஃபான்ட் யாருக்கும் இலவசம் என்பதால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே அதில் தமிழும் வரைந்தார். தமிழ் உரைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் மாடர்னின் எக்ஸும் ஒய்யும் ஒட்டுவதில்லை என்பது வேறு கதை. நம் எழுத்துருக்களில் பெரும்பாலானவை ஒரே கனத்தில் ஓடும் கோடு; மாடர்ன் முகத்தின் மெல்லிய கோடோ மயிரிழை. கணிதப் பாடநூலில் அந்த எக்ஸ் பாதி மறைந்து போகும்.

சமன்பாடு ஏன் இன்னொரு எழுத்துருவுக்கு எளிதில் மாறாது என்பதற்கான காரணம் டெக்கின் வயிற்றுக்குள் இருக்கிறது. கணித எழுத்துகளை அது 16 குடும்பங்களாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று அளவு: வரியில் நிற்பது, அடுக்கில் நிற்பது, அடுக்கின் அடுக்கில் நிற்பது. 0 எண் குடும்பம் நேரெழுத்து. சைன், லாக் போன்ற பெயர்களுக்கு. 1 கணிதச் சாய்வு. 2 குறிகள். 3 வளரும் உருப்படிகள்: பெரிய அடைப்புகள், மூலக்குறி, தொகையீடு. வடிவங்கள் மட்டுமென்றால் கவலையில்லை. 2ஆம் குடும்பத்தின் கோப்பு குறைந்தது 22 எண்களையும், 3ஆம் குடும்பம் 13 எண்களையும் சுமக்க வேண்டும். பின்னக்கோடு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தடிமனில், கீழ்க்குறி எவ்வளவு இறங்கலாம் என்பதெல்லாம் நிரலில் இல்லை, எழுத்துருவில்தான் இருக்கிறது. பத்துப் புள்ளிக் கம்ப்யூட்டர் மாடர்னில் அடுக்கு ஏறும் உயரத்துக்கு மட்டும் மூன்று எண்கள்: தனி வரிச் சமன்பாட்டில் 4.13 புள்ளி, உரை வரிக்குள் 3.63, மூலக்குறிக்குள் நெருக்கடியில் 2.89. கடையில் வாங்கிய டைம்ஸில் இந்த எண்கள் கிடையாது. அதைக் குறிகளின் இருக்கையில் உட்கார வைத்தால், குறி எழுத்துரு போதவில்லை, சமன்பாட்டை நீக்கிவிட்டேன் என்று டெக் பிழைச்செய்தி தரும். நிஜமாகவே நீக்கியும்விடும்.

சாய்வெழுத்திலும் இதே வம்பு. உரையின் சாய்வில் எழுத்துகள் ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டும். கணிதத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனி ஆள். அதனால் குனுத் இரண்டையும் தனித்தனிக் கோப்பாக்கினார். டைம்ஸ் சாய்வை அப்படியே கொண்டுவந்து போட்டால் எஃப் எழுத்தின் தலை பக்கத்து அடைப்புக்குறியில் முட்டும்.

டெக்கின் மேல் கட்டிய லெஸ்லி லாம்போர்ட்டின் லேடெக் எண்பதுகளில் வந்தபோது இதையெல்லாம் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஃபிராங்க் மிட்டல்பாக்கும் ரெய்னர் ஷோப்ஃபும் 1990ஐ ஒட்டிக் கொண்டுவந்த புதிய எழுத்துருத் தேர்வு முறை, 1994இல் லேடெக்கின் புதுப் பதிப்பில் அடிப்படையானது. உரைக்கு அது பெரிய விடுதலை. குறிமுறை, குடும்பம், தடிமன், வடிவம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றலாம்; இயல்பிருப்புக் குடும்பத்தின் பெயரை ஒரு வரியில் மாற்றினால் புத்தகம் முழுக்க மாறும். கணிதத்தை மட்டும் அந்த முறை வேண்டுமென்றே தனியே வைத்தது. அங்கே எழுத்துருக்களை ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே பூட்டிவிட வேண்டும். உரை மாறினாலும் அது அசையாது. சரியான முடிவுதான். கட்டுரையின் நடுவில் உரை தடித்தால் எக்ஸும் சேர்ந்து தடிக்கக் கூடாது, ஏனென்றால் தடித்த எக்ஸ் வேறொரு பொருள். ஆனால் பதிப்பகத்தின் ஒரு வரிக் கட்டளையைப் பின்பற்றினால், டைம்ஸ் உரையின் நடுவே கம்ப்யூட்டர் மாடர்ன் சமன்பாடு வெளுத்து நிற்கும். போதாக்குறைக்கு, ஆசிரியர் ஆசை ஆசையாகக் குறி எழுத்துகளைச் சேர்த்திருந்தால் 16 குடும்பமும் தீர்ந்து, கணித எழுத்துவகை அதிகம் என்று லேடெக் நின்றுவிடும்.

அதற்கு ஒட்டுப்போட்டவர்கள் பலர். ஆலன் ஜெஃப்ரி டைம்ஸ் சாய்வின் எழுத்து, சிம்பல் எழுத்துருவின் கிரேக்கம், கம்ப்யூட்டர் மாடர்னின் பெருங்குறி ஆகியவற்றைத் தைத்து ஒரு போலி எழுத்துரு செய்தார். இலவசம், அந்தக் காலத்துக்கு அது பெரிய உதவி. மைக்கேல் ஸ்பிவாக்கின் மேத்டைம் விலைக்கு வந்தது, டைம்ஸோடு ஒட்டி நின்றது. அப்படியும் டைம்ஸ் சாய்வின் ‘வி’யையும் கிரேக்க ‘நியூ’வையும் பிரித்தறிவது பாடுதான். எங்கள் பெரியவர் ஓரத்தில் வட்டம் போட்டு “எது?” என்று எழுதி அனுப்புவார். இன்னொரு வழியையும் குனுத்தே காட்டினார். அமெரிக்கக் கணிதச் சங்கத்துக்காக ட்சாப்ஃப் வரைந்த ஆய்லர், கரும்பலகையில் கணித ஆசிரியர் எழுதுவது போன்ற நேர்நிலைக் கணித எழுத்து. 1989இல் வந்த ‘கான்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்’ நூலில் அதற்கு இணையாக உரைக்கென்று புதிதாக ஓர் எழுத்துருவையே உருவாக்கினார். கணிதத்துக்கு ஏற்ப உரையை வெட்டித் தைத்தார், உரைக்கு ஏற்பக் கணிதத்தை அல்ல. அந்த நூலை எடுத்துப் புரட்டும் போதெல்லாம் இதுதான் சரியான வரிசை என்று எனக்குத் தோன்றும்.

1997இல் ப்ளூ ஸ்கை, ஒய் அண்டு ஒய் என்ற நிறுவனங்கள் செய்துவைத்த கம்ப்யூட்டர் மாடர்னின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவங்கள் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் வழியாக இலவசமாயின. பிடிஎஃபில் புள்ளி புள்ளியாகச் சிதறிய எழுத்து சுத்தமானது. டைம்ஸுக்கு மாற இருந்த ஆசிரியர்களுக்கு மாறாமல் இருக்க அது இன்னொரு சாக்கு.

பூட்டு உடைந்தது டெக்குக்கு வெளியே. ஆபிஸ் 2007க்காக மைக்ரோசாஃப்ட் கேம்ப்ரியா மேத் எழுத்துருவை வெளியிட்டபோது, ஓபன்டைப் கோப்புக்குள்ளேயே கணித அட்டவணை ஒன்றைச் சேர்த்தது. குனுத்தின் எண்களே அதில் விரிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயருள்ள மதிப்புகளாயின. ஆறு அறிவியல் பதிப்பாளர்கள் கூடி 1995இல் தொடங்கிய ஸ்டிக்ஸ், டைம்ஸோடு ஒட்டும் கணிதக் குறிகளோடு 2010இல்தான் முதல் பதிப்பாக வந்தது. பதினைந்து வருஷம்! இப்போது டெக்கின் புதிய வடிவங்களான ஸீடெக், லுவாடெக் இரண்டிலும் கணித எழுத்துருவின் பெயரை ஒரு வரியில் சொன்னால் குறிகளும் அளவுகளும் சேர்ந்தே வருகின்றன. அதற்கான தொகுப்பை ஏற்றிவிட்டுப் பெயரைச் சொல்லாவிட்டால் வருவது லேட்டின் மாடர்ன் மேத். போலந்துக்காரர்கள் கம்ப்யூட்டர் மாடர்னிலிருந்து கட்டியது.

டெக்குக்குச் சம்பந்தமில்லாமல் புதிதாக எழுதப்பட்டு 2023இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டைப்ஸ்ட் என்ற அச்சுக்கோப்பு நிரலிலும் இதேதான். எதையும் அமைக்காமல் ஒரு கோப்பை ஓட்டினால் உரை லிபர்டினஸ் செரிஃபில் வருகிறது, கணிதம் நியூ கம்ப்யூட்டர் மாடர்னில். உரைக்கு அவர்களால் வேறு முகம் தேட முடிந்திருக்கிறது. இரண்டின் கனமும் ஒன்றல்ல. வரிக்குள் சமன்பாடு வரும் இடமெல்லாம் வெளிறித் தெரிகிறது. நான் அதில் முதலில் செய்வது கணிதத்தை லிபர்டினஸ் மேத்துக்கு மாற்றுவது.