மன்னார்த் தீவில் காற்றாலை எதிர்ப்பு (2020–2025): ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தீவுகளில் எழும் காற்றாலை எதிர்ப்பு, இயற்கை அழகு கெடுவது குறித்த மனக்குறையாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அமெரிக்காவின் நான்டக்கெட் கடற்பகுதியில் 130 காற்றாலைகளை நிறுவ 2001இல் முன்மொழியப்பட்டு, 2017இல் கைவிடப்பட்ட கேப் விண்ட் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். கடற்காட்சி கெடும் என்பது அங்கு முதன்மை வாதங்களுள் ஒன்று. இவ்விளக்கம் இலங்கையின் மன்னார்த் தீவுக்குப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் திட்டமும் பட்டறிவும்

மன்னார்த் தீவு, தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும் தாழ்வான மணல் நிலமாகும். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை இதன் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவியது. 103.5 மெகாவாட் திறனுடைய ‘தம்பபவனி’ என்னும் இத்திட்டம் 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. தென்கரை கரைவலை மீனவர்களின் தொழிற்களம். தீவும் அதன் சுற்றுப்புறமும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகளின் தங்குமிடம்.

அணுகுசாலைகள் மழைநீர் வடிவதைத் தடுக்கின்றன, கரையோர மீன்வரத்து குறைந்துவிட்டது என்பன மக்கள் பின்னர் முன்வைத்த முறையீடுகள். மீன்வரத்துக் குறைவின் காரணம் தனி ஆய்வுக்குரியது. ஆயினும், காற்றாலைகளுக்கு அருகில் வாழ்ந்து பெற்ற பட்டறிவே பிற்கால எதிர்ப்பை வலுப்படுத்தியது என்பது இம்முறையீடுகளால் புலனாகிறது.

அடுத்த கட்டம்

மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் திறனில் காற்றாலைகள் அமைக்க அதானி நிறுவனத்திற்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற கட்டணத்தில் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க இலங்கை அமைச்சரவை 2024இல் இசைந்தது. சூழல் அமைப்புகள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தை நாடின. புதிய அரசு கட்டணத்தைக் குறைக்க முனைந்த நிலையில், 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. விலைப் பேச்சில் முடிந்த இத்திட்டம், இடத்தேர்வு குறித்த வினாவை விடையின்றி விட்டுச்சென்றது.

அவ்வினா விரைவிலேயே வீதிக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் வேறு திட்டங்களுக்கான காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது போராட்டம் மூண்டது. கத்தோலிக்கக் குருமாரும் மீனவரும் இதில் முன்னின்றனர். குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டம்பர் இறுதியில் காவல்துறைப் பாதுகாப்புடன் பாகங்கள் மீண்டும் கொண்டுசெல்லப்பட்டபோது மோதல் ஏற்பட்டது.

முடிவுரை

காற்று மின்சாரத்தைத் தாம் எதிர்க்கவில்லை, தீவுக்கு வெளியே மாற்றிடம் காண வேண்டும் என்பதே போராடியோரின் கோரிக்கை. எனவே, கேப் விண்ட் எதிர்ப்பில் கடற்காட்சி பெற்ற இடத்தை மன்னாரில் வெள்ளநீர் வடிகாலும் வலைபடும் கரையும் பெறுகின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தின் மீனவர் எழுப்பிவருவதும் இதனையொத்த வினாவே: நாட்டுக்கான மின்சாரத்தின் சுமையை எந்தக் கரை சுமப்பது, அதை யார் தீர்மானிப்பது? நிலக்கரியினும் காற்று தூய்மையானது என்பதில் ஐயமில்லை. அத்தூய்மை ஒன்றே இவ்வினாவுக்கு விடையாகாது என்பதை மன்னாரின் ஐந்தாண்டு வரலாறு உணர்த்துகிறது.