பெட்ரோல் ஆவியும் பிழைக்குறியும்

மோட்டார் வண்டி செவ்வனே ஓடிக்கொண்டிருக்கும். ஆயினும் ஓட்டுபவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். சோதனைக் கருவியைப் பொருத்தினால் ‘பி 0442’ என்ற குறி தோன்றும். பெட்ரோல் ஆவி எங்கோ சிறிது கசிகிறது என்பது அதன் பொருள். கண்ணுக்குப் புலப்படாத ஆவிக்கு இத்துணைக் காவல் எதற்கு என மாணவர்கள் வினவலாம். அதற்கு விடையாகும் வரலாற்றையே இன்று நான் கூற விழைகிறேன்.

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன. உலகப் போர் நடந்த காலமாதலின், பகைவர் நச்சுப்புகை வீசினரோ என்று சிலர் அஞ்சினர். பின்னர், செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீனைச் செய்த ஆலை ஒன்றின்மீது பழி விழுந்தது. ஆலையைச் சிலகாலம் மூடினர்; புகைமூட்டமோ நீங்கவில்லை.

உண்மையைக் கண்டவர் ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர். ஹாலந்தில் பிறந்து, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்தவர். பெட்ரோல் ஆவி போன்ற ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். எண்ணெய்த் தொழிலினர் மறுத்தனர். சோதனைகளோ அவர் கூற்றையே மெய்ப்பித்தன.

இதன் பயனாகக் கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலும், மறு ஆண்டு நாடு முழுவதிலும் ஆவித்தடுப்பு அமைப்பு கட்டாயமாயிற்று. டாங்கியில் எழும் ஆவியைக் கரி நிரம்பிய பெட்டி ஒன்று பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து, அவ்வாவியை உள்ளே செலுத்தி எரித்துவிடும். 1996ஆம் ஆண்டு மாடல் முதல், இவ்வமைப்பைத் தானே சோதிக்கும் கணினி அமெரிக்கக் கார்களில் கட்டாயமாயிற்று. அது வால்வுகளை மூடி, உள்ளே அழுத்தம் நிலைக்கிறதா என நோக்கும். நிலைக்காவிடில் குறி எழுதும். ‘பி 0455’ பெருங்கசிவு. ‘பி 0442’ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளைக்கு ஒப்பான கசிவு. ‘பி 0456’ அதனினும் நுண்ணியது.

ஆனால், ஒன்றை நாம் மறத்தலாகாது. கசிவு உண்டு என்று மட்டுமே குறி உரைக்கும். எவ்விடத்தில் என்று உரைக்காது. டாங்கி மூடி தளர்ந்திருக்கலாம். ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். வால்வு முழுதும் மூடாதிருக்கலாம். ஆதலின் தேர்ந்த மெக்கானிக் முதலில் மூடியைப் பார்ப்பார். பிறகு அமைப்பினுள் மெல்லிய புகையைச் செலுத்தி, அது வெளிப்படும் இடத்தைக் காண்பார். அதன் பின்னரே உறுப்பை மாற்றுவார். ஆராயாமல் விலையுயர்ந்த வால்வை மாற்றுபவர், 1943இல் அந்த ஆலையை மூடியவர்களைப் போன்றவரே. பணம் செலவாகும், விளக்கு அணையாது.

நோயின் அடையாளம் வேறு, நோயின் மூலம் வேறு. நகரத்தின் புகைமூட்டமாயினும் காரின் சிறு விளக்காயினும், இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுமையே விஞ்ஞானம் நமக்குக் கற்பிக்கும் பாடம் என்பேன்.